இந்த ஓய்வுநாள் யாருடையது?

ஏறக்குறைய 1900 ஆண்டுகளுக்கு முன்பு, இரண்டு மாணவர்கள் பெக்கீன் என்ற ஊரில் இருந்த தங்கள் ஆசிரியரான யூத சமய அறிஞர் ரபி யெகோசுவாவைக் கண்டு வணங்கிவரப் போனார்கள். அவர்களைப் பார்த்ததும் அவர் கேட்டது இதுதான்: “இன்று பாடசாலையில் என்ன புதிதாகச் சொன்னார்கள்?” மாணவர்கள் அடக்கத்தோடு பதில் சொன்னார்கள்: “நாங்கள் உங்கள் மாணவர்கள். நீங்கள் வார்க்கும் தண்ணீரைத்தான் குடிக்கிறோம்.” ஆசிரியர் விடவில்லை. “அது இருக்கட்டும். புதிதாக ஒன்றும் சொல்லப்படாத பாடசாலை இருக்க முடியாது. இந்த ஓய்வுநாள் யாருடையது?”

“ரபி எலாசார் பென் அசரியாவுடையது” என்றார்கள்.

யூதச் சட்டமும் கதையும் அடங்கிய பழந்தொகுப்பான தல்முதில் உள்ள இந்தச் சிறு உரையாடலில், சனிக்கிழமை ஓய்வுநாளில் அறிஞர் ஒருவர் சொற்பொழிவாற்றும் நடைமுறை ஒளிந்திருக்கிறது. கி.பி. 70இல் ரோமர்கள் எருசலேம் ஆலயத்தை இடித்த பிறகு யூதக் கல்வி தஞ்சம் புகுந்த ஊர் யவ்னே. அங்கிருந்த பாடசாலையில் ரபான் கமாலியேலும் எலாசார் பென் அசரியாவும் முறைவைத்துச் சொற்பொழிவாற்றினார்கள். எந்த வாரம் யார் பேசுகிறார் என்பது வெளியூரில் இருந்தவருக்கும் தெரிந்த கணக்கு. அந்த வாரம் எலாசார் எடுத்துக்கொண்டது விவிலியத்தின் உபாகமத்தில் வரும் ஒரு கட்டளை: ஏழாண்டுக்கு ஒருமுறை ஆண், பெண், குழந்தை எல்லோரையும் கூட்டித் திருச்சட்டத்தை வாசிக்க வேண்டும். ஆண்கள் கற்க வருகிறார்கள், பெண்கள் கேட்க வருகிறார்கள், ஒன்றும் புரியாத குழந்தைகள் எதற்கு வருகிறார்கள்? அழைத்துவருகிறவர்களுக்குப் புண்ணியம் சேர்வதற்கு என்பது அவர் சொன்ன விடை. இதைக் கேட்டதும் ரபி யெகோசுவா உருகிப்போனார். “இப்படியொரு நல்முத்தைக் கையில் வைத்துக்கொண்டு, என்னிடம் காட்டாமல் போகப் பார்த்தீர்களே!”

இன்று அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ யூதர்களின் வழிபாட்டிடமான ஒரு ஜெப ஆலயம் ‘வருகைதரு அறிஞர்’ என்று ஒருவரை வார இறுதிக்கு அழைக்கிறது. வருகிறவர் பெரும்பாலும் பல்கலைக்கழகப் பேராசிரியர்; வரலாறோ எபிரேய இலக்கியமோ மெய்யியலோ தொல்லியலோ அவர் துறையாக இருக்கலாம். ரபியாக இருக்க வேண்டியதில்லை. சில வேளைகளில் யூதராகவும் இருக்க வேண்டியதில்லை. வெள்ளி இரவு தொடங்கி ஞாயிறு காலை வரை மூன்று நான்கு உரைகள் நிகழ்த்துவார். வழிபாட்டுக்கு என்று கட்டிய இடத்தில் இவ்வளவு பாடம் எதற்கு என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றலாம். அப்படித் தோன்றுவதற்கு நம் மொழிபெயர்ப்பும் ஒரு காரணம்.

தமிழ் விவிலியம் நமக்குத் தந்த சொல் ‘ஜெப ஆலயம்’. அழகான சொல்தான், ஆனால் பாதியை மறைத்துவிடுகிறது. எபிரேயத்தில் அந்த இடத்தின் பெயர் பேத் க்னெசெத். ‘கூடும் இல்லம்’ என்று பொருள். ஜெபம் என்ற சொல்லே அதில் இல்லை. அதன் பக்கத்திலோ அதே கூரையின் கீழோ இருப்பது பேத் மித்ராஷ், ‘ஆராய்ந்து கற்கும் இல்லம்’. கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திஷ் மொழியில் ஜெப ஆலயத்துக்குப் பெயர் ஷூல். ஜெர்மன் மொழியில் பள்ளிக்கூடத்துக்கு உள்ள சொல்லின் உறவு அது. பாட்டியும் பேத்தியும் ஓய்வுநாள் காலையில் வழிபடக் கிளம்பும்போது “ஷூலுக்குப் போகிறோம்” என்பார்கள். பள்ளிக்குப் போகிறோம் என்பதுதான் அது.

கல்லில் எழுதிய சான்றும் உண்டு. முதல் உலகப்போருக்குச் சற்று முன்பு எருசலேமில், தாவீதின் நகரம் என்று வழங்கும் பகுதியில் நடந்த அகழாய்வில் ஒரு கிரேக்கக் கல்வெட்டு கிடைத்தது. பத்தே வரி. தியோதோத்தஸ் என்ற ஆசாரியர், தந்தையும் பாட்டனாரும் வகித்த ஜெப ஆலயத் தலைவர் பதவியைத் தானும் வகித்தவர், அந்தக் கட்டடத்தை எழுப்பினார் என்கிறது அது. எதற்காக எழுப்பினார்? திருச்சட்டத்தை வாசிப்பதற்கு, கட்டளைகளைக் கற்பிப்பதற்கு, வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குத் தங்கும் அறையும் தண்ணீர் வசதியும் தருவதற்கு. ஆலயம் இடிவதற்கு முந்திய காலத்தது இக்கல்வெட்டு என்பது அறிஞர் பெரும்பாலோரின் கருத்து. ஜெபம் என்ற சொல் இதிலும் இல்லை. வாசிப்பு, பாடம், விருந்தினர் அறை. வருகைதரு அறிஞருக்கு வேண்டிய மூன்றும் அங்கே இருக்கின்றன.

விருந்தினரைப் பேசச் சொல்வதும் அப்போதே வழக்கம். அப்போஸ்தலர் நடபடிகள் 13ஆம் அதிகாரம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்: பிசீதியா நாட்டு அந்தியோகியாவில் பவுலும் பர்னபாவும் ஓய்வுநாளில் ஜெப ஆலயத்துக்குள் போய் உட்காருகிறார்கள். நியாயப்பிரமாணமும் தீர்க்கதரிசன ஆகமங்களும் வாசித்து முடிந்ததும், மக்களுக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் என்று ஆலயத் தலைவர்கள் ஆளனுப்பிக் கேட்கிறார்கள். முன்பின் தெரியாத வழிப்போக்கர்களிடம் கேட்கிறார்கள்.

விருந்தினர் பேசினால் கூட்டம் வருமா என்ற கவலையும் பழையதுதான். தல்முதின் சோத்தா பகுதியில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. ரபி அபாகு, ரபி கியா பார் அப்பா ஆகிய இருவரும் ஒரே ஊருக்கு வந்தார்கள். கியா சட்ட நுணுக்கங்களை விளக்கினார். அபாகு கதையும் உவமையுமாகப் பேசினார். கியாவின் முன்னால் உட்கார்ந்திருந்த கூட்டம் முழுவதும் எழுந்து அபாகுவிடம் போய்விட்டது. கியாவுக்கு மனம் ஒடிந்துவிட்டது. அபாகு அவரைத் தேற்றினார்: “ஒரு கதை சொல்கிறேன். இரண்டு பேர் விற்க வருகிறார்கள். ஒருவனிடம் இரத்தினக் கற்கள். மற்றவனிடம் வீட்டுக்கு வேண்டிய சில்லறைச் சாமான்கள். கூட்டம் யாரிடம் மொய்க்கும்?”

எவ்வளவு பெருந்தன்மையான பேச்சு! தன் சரக்கைச் சில்லறை என்று தாழ்த்திக்கொண்டார். அதோடு நிற்கவில்லை. வழக்கமாக கியாதான் அபாகுவை அவர் தங்கியிருக்கும் வீடு வரை கூடப்போய் விட்டுவருவார். ஆட்சியாளர்களிடம் செல்வாக்குள்ளவர் அபாகு என்பதால் அந்த மரியாதை. அன்று அபாகு கியாவோடு நடந்துபோய் அவர் வீட்டில் விட்டுவந்தார். இங்கே தல்முத் சேர்க்கும் ஒரு வாக்கியம் என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்திவிடுகிறது: ‘அப்படியும் அவர் மனம் ஆறவில்லை.’ நல்லதாக முடித்துவைக்க நினைத்திருந்தால் தொகுத்தவர்கள் அந்த வரியை விட்டிருக்கலாம். விடவில்லை. காலியான இருக்கைகளின் முன்னால் பேசி முடித்த ஒருவரின் வலியை அப்படியே எழுதிவைத்தார்கள்.

இந்த இரண்டு சரக்குகளையும் ஒரே கடையில் வைத்தவர் ரபி மேயிர். மூன்றில் ஒரு பங்கு சட்டம், ஒரு பங்கு கதை, ஒரு பங்கு உவமை என்று அவர் பேசியதாகத் தல்முத் கூறுகிறது. ஹம்மாத் ஜெப ஆலயத்தில் அவர் வெள்ளி இரவுகளில் பேசுவார். ஒரு பெண் தவறாமல் வருவாள். ஒருநாள் உரை நீண்டுவிட்டது. அவள் வீடு திரும்பியபோது விளக்கு அணைந்திருந்தது. “அந்தப் பிரசங்கியின் முகத்தில் துப்பிவிட்டு வா, அதுவரை இந்த வீட்டுக்குள் நுழையாதே” என்று கணவன் சத்தியம் செய்துவிட்டான். செய்தி ரபி மேயிருக்குத் தெரிந்தது. கண்ணில் நோய் வந்ததுபோல் நடித்தார். “கண்ணுக்கு மந்திரிக்கத் தெரிந்த பெண் யாராவது இருக்கிறீர்களா?” என்று கேட்டார். அவளைக் கூட்டிவந்தார்கள். நடுங்கிக்கொண்டு நின்றவளிடம், “ஏழு முறை துப்பு, சரியாகிவிடும்” என்றார். துப்பினாள். “போய் உன் கணவனிடம் சொல்: ஒருமுறை துப்பச் சொன்னாய், ஏழு முறை துப்பிவிட்டேன் என்று.” சீடர்கள் கொதித்துப்போனார்கள். சந்தேகத்துக்குள்ளான மனைவியைச் சோதிக்கும் பழைய சடங்கில், வீட்டில் சமாதானம் வருவதற்காக இறைவனே தன் திருப்பெயர் தண்ணீரில் அழிய இசைகிறான், என் மானம் எம்மாத்திரம் என்பது அவர் பதில்.

சொற்பொழிவு கேட்பதற்காக ஒரு பெண் எதையெல்லாம் பணயம் வைத்தாள் என்பதும் இந்தக் கதையில் இருக்கிறது. கற்க வருபவர் ஆண், கேட்க மட்டும் வருபவர் பெண் என்று எலாசார் பிரித்த பிரிவு அந்த வெள்ளி இரவுகளில் எவ்வளவு தூரம் செல்லுபடியானது என்று யோசித்துப் பார்க்கிறேன்.

இடைக்காலத்தை வேகமாகக் கடக்கலாம். கிழக்கு ஐரோப்பாவில் உள்ளூர் ரபியின் முதன்மையான வேலை சட்டத் தீர்ப்பு. பஸ்கா பண்டிகைக்கு முந்திய ஓய்வுநாள், புத்தாண்டுக்கும் பாவநிவாரண நாளுக்கும் இடையே வரும் ஓய்வுநாள் என ஆண்டுக்கு இரண்டு முறைதான் அவர் பெரிய உரை நிகழ்த்துவது மரபு. மற்ற வாரங்களின் தாகத்தைத் தீர்த்தவர்கள் மகித் எனப்பட்ட நாடோடிப் பிரசங்கிகள். ஊர் ஊராக நடந்து, ஓய்வுநாள் பிற்பகலில் பேசி, கிடைத்த காசை வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவார்கள். அவர்களில் பெயர்பெற்றவர் தூப்னோ ஊரைச் சேர்ந்த யாக்கோபு கிரான்ஸ் (1741–1804). எந்த வசனத்துக்கும் கச்சிதமாகப் பொருந்தும் உவமை உங்களுக்கு எப்படிக் கிடைக்கிறது என்று கேட்டவர்களுக்கும் அவர் ஓர் உவமையைத்தான் சொன்னாராம். சுவர் முழுவதும் வட்டங்கள். ஒவ்வொன்றின் நட்டநடுவே ஓர் அம்பு. எப்படிக் குறி தப்பாமல் எய்தாய் என்று கேட்டபோது வில்லாளி சொன்னான்: “முதலில் அம்பை எய்துவிடுவேன். பிறகு அதைச் சுற்றி வட்டம் வரைவேன்.”

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தச் சொற்பொழிவு அரசாங்கத்தோடு மோத வேண்டிவந்தது. பெர்லினில் சில யூதர்கள் வழிபாட்டில் ஜெர்மன் மொழி உரையைச் சேர்த்தார்கள். பழைய முறையில் எள்ளளவும் மாற்றம் கூடாது என்று பிரஷ்ய மன்னர் 1823இல் ஆணையிட்டார். ஜெர்மன் உரை நின்றது. அந்தச் சபையில் அதற்கு முன்பு சில காலம் பேசியவர் லியோபோல்ட் சுன்ஸ் என்ற இளைஞர். அவர் எதிர்ப்பு ஊர்வலம் நடத்தவில்லை, நூலகத்துக்குப் போனார். 1832இல் அவர் வெளியிட்ட நூலின் பொருளே யூத வழிபாட்டுச் சொற்பொழிவின் வரலாறுதான். மக்கள் மொழியில் விளக்குவது புதுமை என்கிறீர்களே, எபிரேயம் வாசிக்கும்போது பக்கத்திலேயே நின்று அரமேயத்தில் மொழிபெயர்த்தவர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்தார்களே என்று சான்றுகளை அடுக்கினார். நவீன யூதவியல் ஆய்வின் அடித்தளக் கற்களில் ஒன்று அந்த நூல். பேசத் தடை விதித்ததால் பிறந்த ஆராய்ச்சி அது. இன்று ஒரு பேராசிரியர் ஜெப ஆலயத்தில் நின்று அடிக்குறிப்போடு பேசுகிறார் என்றால், பல்கலைக்கழகத்தையும் ஓய்வுநாளையும் சுன்ஸ் இப்படி முடிச்சுப் போட்டதும் அதற்கு ஒரு காரணம்.

அடுத்தது பிராங்க்ஃபர்ட். இங்கே சற்று நின்றுதான் ஆக வேண்டும்.

யூத மெய்யியலாளர் பிரான்ஸ் ரோசன்ஸ்வைக் (1886–1929) வசதியான, மதப்பிடிப்பு குறைந்த குடும்பத்தில் பிறந்தவர். 1913இல் கிறிஸ்தவராக மாறுவது என்று முடிவெடுத்து, பிறகு அதைக் கைவிட்டார். தன் வீட்டிலேயே தனக்குத் தெரியாமல் கிடந்த புதையலைக் கண்டவரைப் போலத் திரும்பிவந்தார். 1920இல் பிராங்க்ஃபர்ட்டில் ஒரு கல்விக்கூடத்தைத் தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் லேர்ஹவுஸ். பேத் மித்ராஷ் என்பதன் நேர் ஜெர்மன்.

தொடக்க உரையில் அவர் சொன்னதன் சாரம் இது: பழைய கல்வி தோரா எனப்படும் திருச்சட்டத்திலிருந்து தொடங்கி வாழ்க்கைக்குப் போனது, நம் தலைமுறை அங்கிருந்து தொடங்க முடியாது, நாம் வாழ்க்கையிலிருந்து, தோராவைப் பற்றி ஒன்றும் தெரியாத வெளி உலகத்திலிருந்து, உள்ளே வர வேண்டியவர்கள். அதனால் ஆசிரியர்களையும் அவர் அப்படியே தேடினார். மருத்துவர் ஒருவர், வேதியியலாளர் ஒருவர், பெண்ணுரிமைக்காகப் போராடிய பெர்த்தா பாப்பன்ஹைம், இளம் எரிக் ஃப்ரோம். யூத மறைஞான ஆய்வாளர் கெர்ஷோம் ஷோலெம் 1923இல் எருசலேமுக்குப் புறப்படுவதற்கு முன்பு சிறு குழுவோடு உட்கார்ந்து மறைஞான நூல்களை மூலத்திலேயே வாசித்தார். மெய்யியலாளர் மார்ட்டின் பூபர் 1922 தொடக்கத்தில் அங்கே நிகழ்த்திய தொடர் உரைகள்தான், மறு ஆண்டு வெளிவந்து உலகெங்கும் படிக்கப்பட்ட அவருடைய நூலுக்குக் கரு. ஒரு கட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பதிவு செய்திருந்தார்கள்.

இதே நகரத்தின் பெர்னேபிளாட்ஸ் ஜெப ஆலயத்தில் ரபி நேகேமியா நோபெல் பேசுவதைக் கேட்க இளம் அறிவாளிகள் திரண்டார்கள். ரோசன்ஸ்வைக்கின் சொந்த வகுப்புகளோ பலருக்கு எட்டாத உயரத்தில் இருந்தன. இரத்தினக்கல் வியாபாரியின் பழைய சிக்கல் அவருக்கும் வந்தது. அதைவிடப் பெரிய இடி 1922இல் விழுந்தது: தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நரம்பு நோய். கை போனது, பேச்சு போனது. மனைவி எடித் எழுத்து எழுத்தாக ஊகித்து எழுத, அவர் தொடர்ந்து வேலை செய்தார். பேச முடியாத ஒருவர் நடத்திய சொற்பொழிவுக் கூடம் அது.

அவர் 1929இல் இறந்தார். அதற்கு முன்பே வகுப்புகள் நின்றிருந்தன. நாஜிகள் ஆட்சிக்கு வந்த 1933ஆம் ஆண்டின் இறுதியில் பூபர் அதே கூடத்தை மீண்டும் திறந்தார். வேலையிலிருந்தும் பள்ளியிலிருந்தும் விரட்டப்பட்ட மக்களுக்குத் தாங்கள் யார் என்று தெரிந்துகொள்ளும் இடமாக அது இருந்தது. 1937இல் பூபரின் பொறுப்புகளை ஏற்க வந்தவர் ரபியும் மெய்யியலாளருமான ஆபிரகாம் யோசுவா ஹெஷெல். 1938 அக்டோபர் இறுதியில் அவரைப் போலந்துக்கு நாடு கடத்தினார்கள். அடுத்த மாதம் பெர்னேபிளாட்ஸ் ஆலயம் எரிக்கப்பட்டது. ஹெஷெல் தப்பி 1940இல் அமெரிக்கா சேர்ந்தார். பல பத்தாண்டுகள் அங்கே மேடை மேடையாகப் பேசினார். அமெரிக்க ஜெப ஆலயங்களின் சொற்பொழிவு மேடையில் பிராங்க்ஃபர்ட்டின் சாம்பலும் இருக்கிறது.

இனி அந்த வார இறுதி எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். மரபைக் கறாராகப் பின்பற்றும் ஆலயங்களில் ஓய்வுநாள் சட்டங்களே உரையின் வடிவத்தைத் தீர்மானிக்கின்றன. வெள்ளி மாலை சூரியன் மறைவதிலிருந்து சனி இரவு விண்மீன்கள் தெரியும் வரை எழுதக்கூடாது. மின்கருவியை இயக்கக்கூடாது. அதனால் ஒலிபெருக்கி கிடையாது, திரை கிடையாது. கேட்பவர் குறிப்பெடுக்க முடியாது. அறிஞர் தொண்டையை மட்டுமே நம்ப வேண்டும். ஓய்வுநாளில் வண்டி ஏற மாட்டார் என்றால் நடந்துபோகும் தொலைவில் உள்ள ஒரு குடும்பம் அவரைத் தங்கவைக்கும். தியோதோத்தஸ் கட்டிய விருந்தினர் அறை இப்போது உறுப்பினர் ஒருவரின் மாடி அறை.

வெள்ளி இரவு உணவுக்குப் பிறகு முதல் உரை. சனி காலை வழிபாட்டில் அந்த வாரத்துத் தோராப் பகுதியை ஒட்டிச் சுருக்கமாக ஒன்று. மாலையில் ஓய்வுநாளின் மூன்றாம் உணவு நேரத்தில், வெளிச்சம் மங்க மங்க, மேசையைச் சுற்றி அமர்ந்து இன்னொன்று. நல்ல கேள்விகள் வருவது பெரும்பாலும் இங்கேதான். இருட்டி, ஓய்வுநாள் முடிந்த பிறகுதான் விளக்குத்திரையும் வரைபடமும் வரும். சன்மானத்திலும் சட்டம் உண்டு: ஓய்வுநாள் வேலைக்கென்று தனியாகக் கூலி வாங்கக்கூடாது. தயாரிப்புக்கும் சனி இரவு, ஞாயிறு வகுப்புகளுக்கும் சேர்த்து ஒரே தொகையாகக் கொடுத்தால், ஓய்வுநாள் பங்கு அதற்குள் ‘விழுங்கப்பட்டுவிடும்’. எபிரேயத்தில் இதற்கு வழங்கும் சொல்லுக்கே விழுங்குதல் என்றுதான் பொருள். பணம் பெரும்பாலும் யாராவது ஒருவரின் நினைவாகக் குடும்பத்தார் வைத்த அறக்கட்டளையிலிருந்து வரும். இறந்த தாயின் பெயரில் ஊருக்குப் பாடம் நடத்துவது அவர்களுக்குத் திதி கொடுப்பது போல.

பொருள் எதுவாகவும் இருக்கலாம். இடைக்கால யூத மெய்யியலாளர் மைமோனிதஸ் பற்றிப் பேசுகிறவர், அவருடைய தம்பி தாவீது இந்தியப் பெருங்கடலில் வணிகம் செய்யப் போய் மூழ்கி இறந்ததையும், அந்தத் துயரத்தில் அவர் ஓராண்டு படுக்கையில் கிடந்ததையும் சொல்லாமல் விட மாட்டார். கொச்சி யூதப் பெண்கள் மலையாளத்தில் பாடி நோட்டுப் புத்தகங்களில் காத்துவந்த பாடல்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். சாலொமோனின் கப்பல்கள் கொண்டுவந்த மயில்களுக்கு எபிரேய வேதத்தில் உள்ள சொல் ‘துக்கி’. அது நம் ‘தோகை’யிலிருந்து போனது என்று மொழியியலாளர் பலர் கருதுகிறார்கள். பல ஆயிரம் கல் தொலைவில் ஓர் ஆலயத்தில் அந்தச் சொல்லை ஒருவர் உரக்க வாசிக்கும்போது, நம் மொழியின் ஒரு துண்டும் அங்கே வாசிக்கப்படுகிறது.

எல்லா உரையும் நன்றாக அமைவதில்லை. தொலைக்காட்சியில் பார்த்த முகம் என்பதற்காக அழைக்கப்பட்டு, அரசியல் கருத்தைச் சொல்லிவிட்டுப் போகும் உரைகளும் உண்டு. அடுத்த வாரம் எதுவும் மிஞ்சாது. என் கணிப்பில் உரையைக் காப்பாற்றுவது ஒரே ஒரு பொருள்: கேட்பவர் கையில் உள்ள தாள். மூல வசனம் எபிரேயத்தில் ஒருபுறம், மொழிபெயர்ப்பு மறுபுறம். பேசுகிறவர் சொல்வது சரியா என்று மூன்றாம் வரிசையில் இருப்பவரும் பார்த்துக்கொள்ளலாம், மறுக்கலாம். இந்தத் தாளின் வல்லமையைக் காட்டியவர் எருசலேமில் வாழ்ந்த நெகாமா லைபோவித்ஸ் (1905–1997). 1942 முதல் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் வாரந்தோறும் தோராக் கேள்வித்தாள் அனுப்பினார். விடைகளை அஞ்சலில் பெற்று, சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பினார். எழுதியவர்களில் சிப்பாய்களும் இல்லத்தரசிகளும் இருந்தார்கள்.

2018 அக்டோபர் 27ஆம் தேதி, ஓர் ஓய்வுநாள் காலையில், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகர ஜெப ஆலயத்தில் 11 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு பல ஆலயங்களின் வாசலில் காவலர் நிற்கிறார். உரை கேட்க வருகிறவர்கள் முன்கூட்டியே பெயர் பதிய வேண்டியிருக்கிறது. வழிப்போக்கரை ஆளனுப்பி அழைத்துப் பேசச் சொன்ன ஒரு மரபுக்கு இதைவிடக் கொடிய காயம் இருக்க முடியாது. ஆனாலும் அறிவிப்புகளில் ‘அனைவரும் வரலாம்’ என்ற வரியை அவர்கள் எடுத்துவிடவில்லை.

உரைகள் முடிந்ததும் நாற்காலிகளில் கிடக்கும் தாள்களைச் சேகரிப்பார்கள். இறைவனின் பெயர் அச்சான தாளைக் குப்பையில் போடக்கூடாது. கெனிசா என்ற பெட்டியில் சேர்த்து, நிரம்பியதும் மயானத்தில் புதைப்பார்கள். கெய்ரோவின் பென் எஸ்ரா ஆலயத்தில் அப்படிச் சேர்ந்து, புதைக்கப்படாமலே கிடந்த தாள்களில்தான் மைமோனிதஸ் தம் கையால் எழுதிய வரைவுகளும், மங்களூரில் வாழ்ந்த யூத வணிகரின் கடிதங்களும் கிடைத்தன. இந்த வாரப் பெட்டியில் விழும் தாள்களில் வெள்ளி இரவு, சனி பகல் உரைகளின் தாள்களுக்கு ஓரங்கள் வெறுமையாக இருக்கும். சனி இரவு, ஞாயிறு தாள்களில் மட்டும் பேனாவால் அடிக்கோடுகள், கேள்விக்குறிகள், ஓரிரு இடங்களில் ‘இல்லை’ என்று அழுத்தி எழுதிய ஒரு சொல்.